கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கப் போகிறவளுக்கு அமெரிக்க வரலாறு எதற்கு?

சார், உங்கள் கேள்வியை முதலில் நாலு வரியில் சொல்லிவிடுகிறேன், இதே குழப்பத்தில் இருக்கிற மற்ற பெற்றோருக்கும் உதவும். மகள் சிபிஎஸ்இயில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டாள், ஆகஸ்டில் டெக்சாஸில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்கிறாள். அவர்கள் அனுப்பிய டிகிரி பிளானை, அதாவது பட்டத்துக்குப் படிக்க வேண்டிய பாடங்களின் பட்டியலை, திறந்து பார்த்தால் அமெரிக்க வரலாறு இரண்டு பாடம், அரசியல் இரண்டு பாடம், ஆங்கிலக் கட்டுரை இரண்டு பாடம், போதாததற்கு இசை ரசனை என்று ஒன்று. "இதற்காகவா கடன் வாங்கி அனுப்புகிறேன், தவிர்க்க வழி உண்டா, இல்லையென்றால் எப்படிச் சீக்கிரம் முடிப்பது" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தவிர்க்க முடியாது. சீக்கிரம் முடிக்க வழி இருக்கிறது, ஆனால் எல்லாவற்றையும் அப்படி முடிக்கக் கூடாது. நான் இங்கே அமெரிக்காவில் ஒரு கல்லூரியில் முதல் வருட மாணவர்களுக்குப் பாடம் தேர்ந்தெடுக்க ஆலோசனை சொல்கிற வேலையில் பல வருடமாக இருக்கிறேன். நம் பிள்ளைகள் கால்குலஸில் தடுக்கி விழுந்து நான் பார்த்தது குறைவு. ஜேஇஇக்குத் தயாரானவர்களுக்கு அது பாதி பழைய பாடம். விழுவது இந்தப் பொதுப் பாடங்களில்தான். "சும்மா ஹிஸ்டரிதானே" என்று வீட்டில் சொல்லி அனுப்பியிருப்பார்கள், பிள்ளையும் அப்படியே நினைத்துக்கொண்டு வந்திருக்கும்.

இங்கே இதை ஜென் எட் என்பார்கள், ஜெனரல் எஜுகேஷன். டெக்சாஸில் கோர் என்றும் சொல்வார்கள். நமக்கு இது புதிய விஷயமே இல்லை. தமிழ்நாட்டில் கலை அறிவியல் கல்லூரியில் பிஎஸ்சி இயற்பியல் படிக்கிறவர்கூட பகுதி ஒன்றில் தமிழ், பகுதி இரண்டில் ஆங்கிலம் எழுதித்தானே பட்டம் வாங்குகிறார், அப்புறம் சுற்றுச்சூழல் கல்வி வேறு. அண்ணா பல்கலைக்கழகத்தில் பொறியியல் மாணவர்கள் இப்போது தமிழர் மரபு என்று ஒரு பாடம் படிக்கிறார்கள். யோசனை ஒன்றேதான்: எந்தத் துறைக்குப் போனாலும் பட்டதாரி என்றால் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். வித்தியாசம் இரண்டு. இங்கே அதன் பங்கு பெரியது, பட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை போகும். அப்புறம், எந்தப் பாடம், எந்த ஆசிரியர், எந்த செமஸ்டர் என்பதை மாணவரே தேர்ந்தெடுக்க வேண்டும். இந்தத் தேர்வு நமக்குப் பழக்கமில்லாதது, அதனால்தான் திணறுகிறோம்.

இந்த வழக்கம் எப்படி வந்தது என்று ஒரு பத்தி மட்டும். 1869இல் ஹார்வர்டின் தலைவராக வந்த சார்ல்ஸ் எலியட் என்பவர், மாணவர் தனக்குப் பிடித்த பாடத்தை எடுத்துக்கொள்ளலாம் என்ற முறையை நாற்பது வருடம் வளர்த்தார். அது ஒரு கட்டத்தில், ஒரே கல்லூரியில் படித்த இரண்டு பேருக்குப் பொதுவாகப் பேச எதுவுமில்லை என்ற நிலைக்குக் கொண்டுபோனது. முதல் உலகப் போர் முடிந்த கையோடு 1919இல் கொலம்பியா பல்கலைக்கழகம், மாணவர் எல்லாரும் சேர்ந்து படிக்க வேண்டிய சமகால நாகரிகம் என்ற ஒரு பாடத்தைத் தொடங்கியது, இன்றைக்கும் அது நடக்கிறது. 1945இல் ஹார்வர்டே ஓர் அறிக்கை வெளியிட்டது, சுதந்திர சமுதாயத்தில் பொதுக் கல்வி என்ற பொருளில். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கல்லூரிக்குள் வெள்ளம்போல் வந்த மாணவர்களுக்கு இதுதான் சட்டகம் ஆயிற்று. ஆகவே யாரோ காசு பார்க்கச் சேர்த்த பாடங்கள் என்று நினைக்காதீர்கள். பலர் அப்படித்தான் சொல்லித் திரிகிறார்கள், அது தவறு.

இனி டெக்சாஸ் கணக்கு. மாநிலத்தின் அரசுக் கல்லூரிகள் அனைத்துக்கும் ஒரே அளவு: கோர் 42 கிரெடிட். கிரெடிட் என்பது ஒரு பாடத்தின் எடை, சாதாரணமாக ஒரு பாடம் மூன்று கிரெடிட். எழுத்தும் பேச்சும் 6, கணிதம் 3, அறிவியல் 6, மொழி-தத்துவம்-பண்பாடு 3, கலை 3, அமெரிக்க வரலாறு 6, அரசியல் 6, சமூக அறிவியல் 3, கல்லூரி தன் விருப்பப்படி வைத்துக்கொள்கிற பகுதி 6. பட்டம் முழுவதும் சுமார் 120 கிரெடிட். 42 என்று பார்த்ததும் மலைத்துவிடுகிறார்கள், ஆனால் அதில் கணிதம் 3க்கு அவள் எப்படியும் எடுக்கப் போகிற கால்குலஸ் கணக்கில் வந்துவிடும், அறிவியல் 6க்கு இயற்பியல் வந்துவிடும். மீதி 33, அதாவது பதினொரு பாடம். கல்லூரியின் விருப்பப் பகுதியில் பேச்சுக்கலை, தொழில்நுட்ப எழுத்து என்று மேஜருக்கு, அதாவது அவளுடைய முதன்மைத் துறைக்கு, வேண்டிய ஏதாவது ஒன்று பொருந்தினால் இன்னும் குறையும். எட்டு செமஸ்டரில் ஒன்பது முதல் பதினொரு பாடம். செமஸ்டருக்கு ஒன்று, சில செமஸ்டரில் இரண்டு. அவ்வளவுதான்.

இதில் வரலாறு 6, அரசியல் 6 இரண்டும் கல்லூரி வைத்த விதிகூட இல்லை, மாநிலச் சட்டம். அரசுக் கல்லூரி இந்தப் பாடங்கள் இல்லாமல் யாருக்கும் இளநிலைப் பட்டம் தரக்கூடாது என்று கல்விச் சட்டத்தில் இருக்கிறது, வெளிநாட்டு மாணவர் என்று சட்டம் பிரிப்பதில்லை. அதனால்தான் தவிர்க்க முடியாது என்று முதலிலேயே சொன்னேன். டீனைப் பார்த்து மனு கொடுத்தால் விடுவார்களா என்று ஒரு அப்பா கேட்டார்; விட மாட்டார்கள்.

பாடங்களின் எண்ணைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள், அது பெரிய உதவி. இங்கிலீஷ் 1301, ஹிஸ்டரி 1301, கவர்மென்ட் 2305 என்று இருக்கும். முதல் இலக்கம் எந்த வருடத்துப் பாடம் என்பது, இரண்டாவது இலக்கம் எத்தனை கிரெடிட் என்பது. 1301 என்றால் முதல் வருடப் பாடம், மூன்று கிரெடிட். 2413 மாதிரி ஒன்றைப் பார்த்தால் இரண்டாம் வருடம், நாலு கிரெடிட், பெரும்பாலும் கால்குலஸ் அல்லது லேப் உள்ள பாடம். மாநிலத்தின் பொது எண் முறை இது, கம்யூனிட்டி காலேஜ்கள் (இரண்டு வருடப் படிப்புள்ள உள்ளூர் அரசுக் கல்லூரிகள்) இதைப் பின்பற்றுகின்றன. சில பெரிய பல்கலைக்கழகங்கள் தனி எண் வைத்திருக்கின்றன, அங்கே சமமான பாடம் எது என்று பட்டியல் இருக்கும். ஒரு கிரெடிட் என்றால் வாரத்துக்கு வகுப்பில் ஒரு மணி நேரம், வெளியே குறைந்தது இரண்டு மணி நேரம் உழைப்பு என்பது கணக்கு. 15 கிரெடிட் எடுத்தால் வாரம் 45 மணி நேரம். நம் ஊரில் பரீட்சைக்கு முந்தைய பத்து நாள் விழுந்து விழுந்து படித்து ஒப்பேற்றுகிற பழக்கம் இங்கே செல்லாது, ஏனென்றால் மதிப்பெண் வாராவாரம் சிறுகச் சிறுகச் சேர்கிறது. வகுப்பில் பேசியதற்கு இவ்வளவு, வாராந்திர குறிப்புக்கு இவ்வளவு, மூன்று கட்டுரைக்கு இவ்வளவு என்று முதல் நாளே சிலபஸில் கொடுத்துவிடுவார்கள்.

சரி, எந்தப் பாடத்தை உயிராக மதிக்க வேண்டும் என்றால், இங்கிலீஷ் 1301, 1302. கட்டுரைப் பாடம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இரண்டு மூன்று வருடம் முன்பு ஒரு பையன், நம் ஊர்ப் பையன், என் அறைக்கு வந்து ஒரு கட்டுரையை மேசை மேல் வைத்தான். சி கிரேடு. பள்ளியில் ஆங்கிலத்தில் தொண்ணூற்றைந்துக்குக் குறையாமல் வாங்கியவன். வாங்கிப் பார்த்தேன். சமூக ஊடகம் பற்றிய கட்டுரை, மூன்று பக்கம், இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. முதல் வரி, எந்த நாணயத்துக்கும் இரண்டு பக்கம் உண்டு. இரண்டாவது பத்தி நன்மைகள். மூன்றாவது பத்தி தீமைகள். கடைசிப் பத்தி, ஆகவே அளவோடு பயன்படுத்தினால் நல்லது. நாமும் பள்ளிக்கூடத்தில் இப்படித்தானே எழுதினோம், எனக்குப் படிக்கும்போதே எங்கள் தமிழாசிரியர் கையெழுத்து கண்ணில் வந்தது. ஓரத்தில் பேராசிரியர் எழுதியிருந்தது இரண்டே வரி: இரண்டு பக்கத்தையும் சொல்லிவிட்டாய், நீ எந்தப் பக்கம்? ஏன்?

அவனுக்குக் கோபம். "தப்பு எங்கே சார் இருக்கு, ஒரு தப்பைக் காட்டச் சொல்லுங்க" என்றான். தப்பு இல்லை. கேட்டதை எழுதவில்லை, அவ்வளவுதான். இங்கே கட்டுரை என்றால் ஒரு நிலைப்பாடு வேண்டும், அதை மறுக்கக்கூடிய ஒருவர் இருக்க வேண்டும், அந்த ஆளை மனதில் வைத்துக்கொண்டு ஆதாரத்தோடு பேச வேண்டும். அவனிடம், சமூக ஊடகம் என்று மொத்தமாகப் பேசாதே, உன் வீட்டில் நடந்த ஏதாவது ஒன்றைச் சொல் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, குடும்ப வாட்ஸாப் குழுவில் பெரியப்பா அனுப்புகிற மருத்துவக் குறிப்புகளை யாரும் மறுத்துப் பேசுவதில்லை, பெரியவர் என்பதால் என்றான். அதுதான் கட்டுரை என்றேன். மரியாதை ஒரு தகவலை எப்படிக் கேள்வியிலிருந்து காப்பாற்றுகிறது என்று திருத்தி எழுதினான், கட்டுரை திருத்த உதவுகிற கல்லூரி எழுத்து மையத்துக்கு இரண்டு தடவை போய் உட்கார்ந்தான். பி பிளஸ் வந்தது. அந்தப் பையன் செமஸ்டர் கடைசியில் எழுதிய கட்டுரை இன்னும் என்னிடம் இருக்கிறது, புதிதாக வருகிறவர்களுக்கு அவன் அனுமதியோடு காட்டுகிறேன்.

இந்தப் பாடத்தில் நம் பிள்ளைகளுக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கிறது, அது கிரேடோடு நிற்காது. புத்தகத்தில் இருப்பதை அப்படியே எழுதினால் நம் ஊரில் முழு மதிப்பெண். இங்கே மேற்கோள் குறி போடாமல், எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்லாமல் ஒரு வாக்கியத்தை எடுத்தாலும் அது திருட்டு. வார்த்தைகளை மாற்றிப் போட்டுவிட்டு மூலத்தைச் சொல்லாமல் விட்டாலும் திருட்டுதான். பாடத்தில் பூஜ்யம், அப்புறம் ஒழுங்கு நடவடிக்கை, பதிவேட்டில் ஏறும். வேண்டுமென்று செய்தவர்களை நான் அதிகம் பார்க்கவில்லை, தெரியாமல் செய்தவர்கள்தான் அதிகம், ஆனால் தெரியாது என்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இங்கிலீஷ் வகுப்பில் எம்எல்ஏ என்ற முறையில் மூலத்தைக் குறிப்பிட வேண்டும், உளவியலில் ஏபிஏ, வரலாற்றில் பெரும்பாலும் சிகாகோ. ஏஐ கருவியைப் பயன்படுத்தலாமா என்பது ஆசிரியருக்கு ஆசிரியர் மாறும், சிலபஸில் எழுதியிருப்பார்கள், எழுதியிருக்காவிட்டால் கேட்டுவிட வேண்டும். பக்கத்து வகுப்பில் அனுமதித்தார்கள் என்பது பதில் ஆகாது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், வேலையில் ஒரு வடிவமைப்புக் குறிப்பு எழுதும்போது, எதற்காக இந்த டேட்டாபேஸ், ஏன் அது வேண்டாம் என்று நாலு பேருக்கு எழுதிப் புரியவைக்கும்போது, கைகொடுப்பது இந்த இரண்டு பாடம்தான். கோடிங்கில் கெட்டிக்காரர்களாக இருந்தும் மேலே போகாமல் நிற்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது நீங்கள் கோபப்பட்ட வரலாறும் அரசியலும். கவர்மென்ட் 2305 மத்திய அரசு பற்றியது, 2306 டெக்சாஸ் பற்றியது. திருச்சிப் பெண் டெக்சாஸ் அரசியல் சட்டத்தைப் படித்து என்ன செய்யப் போகிறாள் என்கிறீர்கள். நியாயமான கேள்விதான். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். மாணவர்கள் படிக்கிற பாடம் என்னவென்று தெரியாமல் ஆலோசனை சொல்கிறோமே என்று, ஒரு செமஸ்டர் அந்த வகுப்பில் பின் வரிசையில் உட்கார்ந்து கேட்டேன்.

டெக்சாஸின் இப்போதைய அரசியல் சட்டம் 1876இல் வந்தது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு ஆளுநராக இருந்த எட்மண்ட் டேவிஸ் அதிகாரத்தைக் கையில் குவித்துக்கொண்டார் என்ற கோபத்தில், இனி எந்த ஆளுநருக்கும், அரசுக்கும் அவ்வளவு பலம் இருக்கக் கூடாது என்று எழுதினார்கள். அதனால்தான் இன்றும் சட்டமன்றம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் வழக்கமாகக் கூடுகிறது, அதுவும் 140 நாள்தான். மாநிலத்தின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரலை ஆளுநர் நியமிப்பதில்லை, மக்கள் தனியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். சின்னச் சின்ன விஷயத்தையும் சட்டத்துக்குள்ளேயே எழுதி வைத்ததால் எதை மாற்றவும் திருத்தம் வேண்டும், ஐநூறுக்கு மேல் திருத்தம் ஆகிவிட்டது. அப்புறம் ரயில்ரோடு கமிஷன் என்று ஒன்று. பெயரைப் பார்த்தால் ரயில் துறை மாதிரி இருக்கும், ஆனால் எண்ணெய், எரிவாயுக் கிணறுகளைக் கட்டுப்படுத்துவது அதுதான், ரயில் சம்பந்தமாக மிச்சமிருந்த அதிகாரமும் 2005இல் போய்விட்டது. ஹூஸ்டனில் ஏதாவது ஓர் எண்ணெய்க் கம்பெனிக்கு மென்பொருள் எழுதப் போகிறவள், அறிக்கை யாருக்குப் போகிறது என்று தெரிந்துகொள்வது வீண் என்று சொல்ல முடியாது. அதைவிட முக்கியம், வகுப்பில் அந்தப் பேராசிரியர், உலகத்திலேயே நீளமான தேசிய அரசியல் சட்டம் எந்த நாட்டுடையது என்று கேட்டபோது நம் பெண் ஒருத்தி கை தூக்கி இந்தியா என்றாள். ஏன் அவ்வளவு நீளம் என்று அடுத்த கேள்வி வந்தது. அவளுக்குப் பதில் தெரியவில்லை. அன்று ராத்திரி வீட்டுக்குப் போன் பண்ணி அப்பாவிடம் அம்பேத்கரைப் பற்றியும் மாநிலப் பட்டியல், மத்தியப் பட்டியல் பற்றியும் ஒரு மணி நேரம் பேசினேன் என்று மறுவாரம் என்னிடம் சொன்னாள். பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு எடுத்ததால் பத்தாம் வகுப்போடு விட்டுப்போன விஷயம் அது. நம் நாட்டைப் பற்றியே இங்கே வந்துதான் யோசிக்க நேர்கிறது, பலருக்கு.

வரலாறு 1301 ஆரம்பத்திலிருந்து உள்நாட்டுப் போர் முடிந்து அதையொட்டிய காலம் வரை, 1302 அதற்குப் பின். இதில் வாசிப்பு அதிகம், தேதிகளை மனப்பாடம் செய்கிற பாடம் அல்ல. ஓர் அடிமை எழுதிய தன்வரலாற்றின் ஒரு பகுதியையும் பண்ணை முதலாளியின் கணக்குப் புத்தகத்தின் ஒரு பக்கத்தையும் கொடுத்து, இரண்டும் ஒரே விஷயத்தை எப்படி வேறு வேறாகக் காட்டுகின்றன என்று கேட்பார்கள். வரலாறும் அரசியலும் ஒரே செமஸ்டரில் வேண்டாம், முதல் செமஸ்டரில் நிச்சயம் வேண்டாம்.

மற்றவை வேகமாக. சமூக அறிவியலுக்கு உளவியல் அல்லது நுண்பொருளியல், இரண்டில் எது பிடிக்கிறதோ அது. கம்ப்யூட்டர் படிக்கிறவளுக்கு இரண்டுமே பயன்படும். மொழி-தத்துவத்துக்கு, கல்லூரியில் இருந்தால், அறவியல் எடுக்கச் சொல்வேன். பேச்சுக்கலை எங்கே பொருந்தினாலும் எடுத்துவிடட்டும், இருபது பேர் முன்னால் நின்று ஆறு நிமிடம் பேசுவது முதல் மாதம் நடுக்கமாக இருக்கும், நாலாவது பேச்சில் சரியாகிவிடும். கலைக்கு இசை ரசனை என்று போட்டிருக்கிறது, கர்நாடக சங்கீதம் கற்றவளாக இருந்தால் அது சுகமான பாடம், இல்லையென்றால் நாடகப் பாடம் எடுக்கலாம். கல்லூரியில் தமிழ் சொல்லித்தருகிறார்களா என்றும் ஒரு பார்வை பார்க்கட்டும். ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம், பெர்க்லி, சிகாகோ, மிச்சிகன் இங்கெல்லாம் தமிழ் வகுப்பு நடந்துவருகிறது. வீட்டில் பேசுகிறவர்களுக்கு ஆரம்ப வகுப்பில் பெரும்பாலும் இடம் கொடுக்க மாட்டார்கள், ஆனால் மேல்நிலை வகுப்பில் சங்க இலக்கியம் படிக்க வாய்ப்பு கிடைத்தால் நான் விட மாட்டேன்.

முதல் செமஸ்டருக்கு என் பரிந்துரை: கால்குலஸ், முதல் புரோகிராமிங் பாடம், இங்கிலீஷ் 1301, கூடவே உளவியல் மாதிரி ஒன்று, முதல் வருடக் கருத்தரங்கு இருந்தால் அதையும் சேர்த்து 14, 15 கிரெடிட். அதற்கு மேல் வேண்டாம். முதல் வருடத்திலேயே பொதுப் பாடம் எல்லாவற்றையும் அடித்து முடித்துவிடு என்று சீனியர்கள் சொல்வார்கள், அதைக் கேட்காதீர்கள். அப்படிச் செய்தவர்கள் மூன்றாம் வருடத்தில் ஆப்பரேட்டிங் சிஸ்டம், அல்காரிதம், நெட்வொர்க் என்று நாலு கனமான பாடத்தை ஒரே செமஸ்டரில் சுமந்துகொண்டு மூச்சு முட்டுகிறார்கள், மாறுதலுக்கு ஒரு வேறு பாடம்கூட மிச்சம் இருக்காது. செமஸ்டருக்கு ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு என்று வைத்துக்கொள்வதுதான் நல்லது.

கிரேடும் கணக்கில் வரும் என்பதை மறக்கக் கூடாது. ஒரு சின்னக் கணக்கு: நாலு கிரெடிட் கால்குலஸில் ஏ, நாலு கிரெடிட் புரோகிராமிங்கில் ஏ, மூன்று கிரெடிட் இங்கிலீஷில் சி, மூன்று கிரெடிட் வரலாற்றில் சி. ஏக்கு 4, பிக்கு 3, சிக்கு 2 புள்ளி என்று கிரெடிட்டால் பெருக்கிச் சராசரி எடுத்தால் வருகிற ஜிபிஏ 3.14. அந்த இரண்டு சியும் பி ஆக இருந்திருந்தால் 3.57. இன்டர்ன்ஷிப்புக்கும் உதவித்தொகைக்கும் பார்க்கிற எண் இது. சில பல்கலைக்கழகங்களில் பொறியியல் மாணவர்கள் முதல் வருட முடிவில்தான் துறைக்குள் போகிறார்கள், அப்போதும் இந்த எண்தான் தீர்மானிக்கும். சும்மா ஹிஸ்டரிதானே என்று விட்டதற்கு விலை இதுதான்.

விசா சம்பந்தமாக ஒரு விஷயத்தை மனப்பாடமாகவே தெரிந்து வைத்திருக்க வேண்டும். எஃப்-1 என்கிற மாணவர் விசாவில் இளநிலை மாணவர் ஒவ்வொரு வழக்கமான செமஸ்டரிலும் குறைந்தது 12 கிரெடிட் படிக்க வேண்டும், அதில் முழுக்க ஆன்லைன் பாடம் ஒன்றுதான், மூன்று கிரெடிட் வரைதான் கணக்கில் சேரும். பொதுப் பாடங்கள் ஆன்லைனில் நிறைய கிடைக்கும், ஆசைப்பட்டு இரண்டு மூன்றைச் சேர்த்துவிட்டு மாட்டிக்கொள்கிறவர்கள் வருடா வருடம் இருக்கிறார்கள். 13 கிரெடிட் எடுத்துவிட்டு, வரலாறு கஷ்டமாக இருக்கிறது என்று நடுவில் விட்டால் 10 ஆகிவிடும், விசா நிலை போய்விடும். எந்தப் பாடத்தையும் விடுவதற்கு முன்னால் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். இதோடு டெக்சாஸ் அரசுக் கல்லூரிகளுக்கு இன்னொரு சட்டம்: இளநிலைப் படிப்பு முழுவதிலும் ஆறு பாடத்துக்கு மேல் நடுவில் விட முடியாது. செமஸ்டர் தொடங்கிய முதல் சில நாட்களில் மாற்றிக்கொள்வது இதில் சேராது, அதனால் முதல் வாரத்திலேயே எல்லா சிலபஸையும் முழுக்கப் படித்து முடிவெடுத்துவிட வேண்டும்.

குறுக்கு வழிகளும் இருக்கின்றன, நேர்மையானவைதான். சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்புக்குப் பெரும்பாலும் கிரெடிட் கொடுக்க மாட்டார்கள். பதினொன்றாம் வகுப்பில் பிள்ளை இருக்கிற மற்ற பெற்றோர் ஏபி தேர்வு (பள்ளியிலேயே கல்லூரி அளவுப் பாடத்தில் எழுதுகிற அமெரிக்கத் தேர்வு) பற்றி யோசிக்கலாம், இந்தியாவிலேயே மே மாதத்தில் எழுதலாம், 1 முதல் 5 வரை மதிப்பெண். உங்கள் மகளுக்கு அது கடந்துவிட்டது. அவள் இங்கே வந்த பிறகு கிளெப் என்ற தேர்வு எழுதி வரலாறு, உளவியல் போன்ற சில பாடங்களுக்கு கிரெடிட் வாங்கலாம், பல கல்லூரிகள் ஏற்கின்றன. இன்னொன்று கம்யூனிட்டி காலேஜ். கோடை விடுமுறையில் அங்கே கவர்மென்ட் பாடத்தை எடுத்தால் செலவு வெகுவாகக் குறையும், டெக்சாஸ் அரசுக் கல்லூரிகளுக்குள் கோர் பாடம் மாறிச் செல்லும் என்பது விதி. கிரெடிட் மட்டும் வரும், அந்தக் கிரேடு பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஜிபிஏயில் சேராது. பணம் கட்டுவதற்கு முன் தன் அட்வைசரிடம் மின்னஞ்சலில் உறுதி வாங்கிவிட வேண்டும், வாய்ப்பேச்சு போதாது. நான் இந்த வழியில் அனுப்ப மாட்டேன் என்று சொல்கிற ஒரே பாடம் இங்கிலீஷ் 1302. கோடை வகுப்பு நடக்கிற ஐந்து வாரத்தில் ஆய்வுக் கட்டுரை எழுதக் கற்றுக்கொள்ள முடியாது, வரைவு எழுதி, திட்டு வாங்கி, திருத்தி எழுத காலம் வேண்டும்.

வேறு மாநிலத்துக்குப் போகிறவர்கள் டெக்சாஸ் கணக்கை அங்கே கொண்டுபோகாதீர்கள். கலிபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜிலிருந்து இரண்டு அரசுப் பல்கலைக்கழக அமைப்புகளுக்கும் மாறுகிறவர்களுக்கு 2025 இலையுதிர் பருவம் முதல் கால்-கெட்சி என்ற ஒரே பட்டியல், 34 யூனிட் (கிரெடிட்டுக்கு அங்கே அந்தப் பெயர்). எம்ஐடியில் எல்லாரும் இரண்டு கால்குலஸ், இரண்டு இயற்பியல், ஒரு வேதியியல், ஒரு உயிரியல், அதோடு எட்டு கலை-சமூகப் பாடம், கூடவே நீச்சல் தேர்வு. பிரவுன் பல்கலைக்கழகத்தில் 1969 முதல் எழுத்துத் தேவை தவிர கட்டாயப் பொதுப் பாடமே கிடையாது. கல்லூரி தேர்ந்தெடுக்கும்போதே இதைப் பார்த்திருக்கலாம், யாரும் பார்ப்பதில்லை, ரேங்க் மட்டும்தான் பார்க்கிறோம்.

ஆகஸ்ட் வரை அவள் சும்மா இருப்பாள் என்றால், ஹூஸ்டனில் உள்ள ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் தளத்தில் அமெரிக்க வரலாற்றுப் பாடப்புத்தகமும் அரசியல் புத்தகமும் இலவசமாகக் கிடைக்கும். முதல் மூன்று அத்தியாயம் படித்து, ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கம், தனக்கு எது ஒப்பவில்லை என்று ஆங்கிலத்தில் எழுதிப் பார்க்கட்டும். சுருக்கம் எழுத வேண்டாம், அது அவளுக்கு ஏற்கனவே வரும்.

கடைசியாக, பாடப் பதிவு பெரும்பாலும் ஓரியன்டேஷன் என்கிற புது மாணவர் அறிமுக நிகழ்ச்சி சமயத்தில்தான் திறக்கும். ஆகஸ்டில் நேரில் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் நல்ல ஆசிரியர்களின் 1301 வகுப்பெல்லாம் நிரம்பியிருக்கும், காலை எட்டு மணி வகுப்புதான் மிச்சம் இருக்கும். ஆன்லைன் ஓரியன்டேஷன் இருக்கிறதா என்று இப்போதே கேளுங்கள். டெக்சாஸில் 22 வயதுக்குக் கீழ் உள்ள புது மாணவர்கள் மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்ட சான்று கொடுக்க வேண்டும், கடந்த ஐந்து வருடத்துக்குள் போட்டதாகவும், செமஸ்டர் தொடங்கப் பத்து நாளுக்கு முன்பாவது போட்டதாகவும் இருக்க வேண்டும். அந்தச் சான்று ஏறாதவரை பல இடங்களில் பதிவுப் பக்கம் பூட்டியே இருக்கும். திருச்சியிலேயே போட்டு, தேதியும் தடுப்பூசிப் பெயரும் ஆங்கிலத்தில் தெளிவாக எழுதி மருத்துவர் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி இந்த வாரமே ஏற்றிவிடுங்கள். அவளுடைய டிகிரி பிளானை இங்கே போட்டால், பெயரையும் மாணவர் எண்ணையும் மறைத்துவிட்டுப் போடுங்கள், எந்தப் பாடம் எந்த செமஸ்டரில் என்று நான் குறித்துத் தருகிறேன்.